14,000 டாலர் ஜெனரேட்டரா? முதல்ல உங்க ஹீட்டர் எதுல ஓடுதுன்னு பாருங்க

கேள்வி: வணக்கம் சார். நாங்க டெக்சாஸ்ல ப்ளேனோல இருக்கோம். 2021 பிப்ரவரி ஸ்டார்ம்ல அபார்ட்மென்ட்ல ரெண்டு நாள் கரண்ட் இல்லாம, சின்ன பொண்ணை வச்சுகிட்டு பட்ட பாடு இன்னும் மறக்கல. இப்போ சொந்த வீடு. அப்பா அம்மாவும் திருச்சில இருந்து வந்திருக்காங்க. ஹோல் ஹவுஸ் ஜெனரேட்டருக்கு 14,000 டாலர் கோட் குடுத்திருக்காங்க, 9.99 பர்சென்ட் வட்டி, 10 வருஷ லோன். எடுக்கலாமா, இல்ல 401கே-ல (ஆபீஸ் மூலமா சேர்க்கற ரிட்டயர்மென்ட் சேமிப்பு) லோன் போடலாமா, இல்ல பேட்டரியா? நான் எச்1பி வேலை விசா, என் ஒருத்தன் சம்பளம்தான். சேவிங்ஸ் 11,000 டாலர்.

பதில்: இன்னும் கையெழுத்து போடலைன்னா நிறுத்தி வைங்க. நான் தேடின ஒரு விவரம் உங்க கேள்வில இல்ல, வீட்டு ஹீட்டர் கேஸ்ல ஓடுதா கரண்ட்ல ஓடுதா? (இங்க பெட்ரோலையும் கேஸ்ங்கறாங்க, நான் கேக்கறது அடுப்பு எரியற கேஸ்.) தெரியலைன்னா ஜனவரி கேஸ் பில்லையும் ஜூலை கேஸ் பில்லையும் பக்கத்துல வச்சு பாருங்க, ஜனவரில எகிறியிருந்தா கேஸ் ஃபர்னஸ், அதாவது கேஸை எரிச்சு வர்ற சூட்டை ப்ளோயர்ங்கற ஃபேன் வீட்டுக்குள்ள தள்ளும். கேஸ் பில் அப்படியே இருந்து கரண்ட் பில் எகிறி, கடும் குளிர்ல தெர்மோஸ்டாட் ஆக்ஸ் ஹீட்னு (குளிர் அதிகமானா துணைக்கு ஓடற கரண்ட் ஹீட்டர்) காட்டினா ஹீட் பம்ப், ஏசி மாதிரி கரண்ட்ல ஓடி சூடு குடுக்கறது.

இதை ஏன் கேக்கறேன்னா, நமக்கெல்லாம் கரண்ட் கட்டுன்னா ஊர்ல 2012-ல பட்டதுதான் ஞாபகம் வரும், ஒரு இன்வெர்ட்டர் இருந்தா ஃபேனும் டியூப் லைட்டும் ஓடிடும், ராத்திரி தூங்கிடலாம். அந்த கணக்கு இங்க குளிருக்கு செல்லாது. கரண்ட்ல சூடு பண்றது அவ்ளோ கரண்டை குடிக்கும். ஒரு வீட்டு பேட்டரின்னா சுமார் 13.5 யூனிட் பிடிக்கும், ஆக்ஸ் ஹீட் 10 கிலோவாட் இழுத்தா ஒன்றரை மணி நேரம் கூட தாங்காது. அதே பேட்டரி கேஸ் ஃபர்னஸோட ப்ளோயரை மட்டும் ஓட்டினா, அது 600, 700 வாட்ஸ்தான் எடுக்கும், கிட்டத்தட்ட 20 மணி நேரம் வரும். ஒரே பேட்டரி, ஒரே விலை, ஆனா வீட்டுக்கு வீடு எவ்ளோ வித்தியாசம் பாருங்க.

அதனால உங்களுக்கு கேஸ் ஃபர்னஸ்னா 14,000-க்கு வேலையே இல்ல. 2,000 வாட்ஸ் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்னு வாங்கி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வச்சு ஃபர்னஸ் சர்க்யூட்டுக்கு மட்டும் ஒரு ட்ரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (வெளி லைன்ல இருந்து பிரிச்சு ஜெனரேட்டருக்கு மாத்தற ஸ்விட்ச்) போட்டா எல்லாம் சேர்த்து 2,000 டாலர் பக்கத்துல முடியும். ஃப்ரிட்ஜ், வைஃபை, போன் சார்ஜ் எல்லாம் அதுலயே ஓடும். யாராவது அந்த ஸ்விட்ச் இல்லாமலே சுவர் பிளக்ல ரிவர்ஸா சொருகலாம்னு சொன்னா கேக்காதீங்க, வெளிய லைன்ல வேலை பாக்கற ஆள் செத்துடுவான். ஹீட் பம்ப்னா மொத்த வீட்டையும் சூடாக்கற ஆசையை விட்டுட்டு, அப்பா அம்மாவும் குழந்தையும் படுக்கற ஒரு ரூமுக்கு 1,500 வாட்ஸ் ஹீட்டர்னு பிளான் பண்ணுங்க, அதுக்கும் அதே சின்ன ஜெனரேட்டர் போதும்.

லோன் விஷயம். 14,000-க்கு அந்த வட்டில மாசம் 185 டாலர், பத்து வருஷத்துல கட்டி முடிக்கறப்போ 22,000 தாண்டிடும். எச்1பி-ல வேலை போனா வேற வேலை தேடவோ ஊருக்கு கிளம்பவோ 60 நாள்தான் டைம், உங்க 11,000 அந்த 60 நாளுக்கான காசு, அதுல கை வைக்காதீங்க. 401கே லோனும் அப்படித்தான், வேலையை விட்டு வந்துட்டா அந்த வருஷ டாக்ஸ் ஃபைலிங் டெட்லைனுக்குள்ள மிச்சத்தை கட்டணும், இல்லன்னா அதை வருமானமா எடுத்துகிட்டு டாக்ஸும் மேல 10 பர்சென்ட் பெனால்ட்டியும் போடுவாங்க. வேலை போன மாசத்துல இது தேவையா? பேட்டரி விக்க வர்றவர் 30 பர்சென்ட் ஃபெடரல் டாக்ஸ் கிரெடிட் உண்டுன்னு இன்னும் சொன்னாலும் சொல்லுவார், சொந்த காசுல வீட்டுக்கு போடறவங்களுக்கு அது 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சு போச்சு.

திரும்ப வருமான்னு கேப்பீங்க. 2021-ல பிப்ரவரி 14 முடிஞ்சு 15 பிறந்த ராத்திரி ரெண்டு மணி வாக்குல, டெக்சாஸ் கரண்ட் கிரிடை நடத்தற எர்காட் கரண்டை கட் பண்ணிட்டு இருந்தப்போ, மொத்த கிரிடும் விழறதுக்கு 4 நிமிஷம் 37 செகண்ட்தான் பாக்கி இருந்துச்சு. கேஸ் கிணறு, பைப், பவர் பிளான்ட் எல்லாம் உறைஞ்சுது, கேஸை தள்ளற கம்ப்ரஸருக்கு போற கரண்டையே சில இடத்துல கட் பண்ணிட்டாங்க, அது வேற கூத்து. பக்கத்து ஸ்டேட்ல இருந்து பெருசா வாங்கவும் வழி இல்ல, டெக்சாஸ் கிரிட் தனித்தீவு. அப்புறம் பவர் பிளான்ட் எல்லாம் குளிர் தாங்கற மாதிரி பண்ணணும்னு சட்டம் போட்டாங்க, 2022 டிசம்பர்லயும் 2024 ஜனவரிலயும் கிரிட் தாங்குச்சு. ஆனா 2023 பிப்ரவரில ஆஸ்டின்ல ஐஸ் வெயிட்ல மரக்கிளை லைன் மேல விழுந்தே நாள்கணக்கா கரண்ட் போச்சு. ஸோ ரெண்டு நாள் கட்டுக்கு ரெடியா இருங்க, ரெண்டு வாரத்துக்கு கடன் வாங்காதீங்க.

நான் பார்த்த வரைக்கும் 2021-ல நிறைய குடும்பங்களோட காசை தின்னது தண்ணி பைப். அட்டிக்ல, அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல, வெடிச்சு சீலிங்கோட கீழ வந்துச்சு. உங்க ஹோம் இன்ஷூரன்ஸ்ல ஆல் அதர் பெரில்ஸ் டிடக்டிபிள் (பைப் வெடிக்கற மாதிரி சேதத்துக்கு கம்பெனி குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க கட்ட வேண்டிய பங்கு) எவ்ளோன்னு இன்னிக்கே எடுத்து பாருங்க. 1 பர்சென்ட்னு போட்டிருந்தா வீட்டுக்கு 4,50,000 கவரேஜ்ல உங்க கைக்காசு 4,500 டாலர். அதை தடுக்க வேண்டியது மெயின் வால்வ் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கறதும், மீட்டர் பக்கத்துல தண்ணியை மூடறதுக்கு சில டாலர்ல கிடைக்கற மீட்டர் கீயும், வெளி குழாய்க்கு கவரும். டிசம்பர்ல ஊருக்கு போறப்போ மிச்சம் பண்றேன்னு ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு போறவங்க நிறைய பேர், ஹீட்டும் போடாம தண்ணியையும் மூடாம இருந்தா பைப் வெடிச்ச கிளெய்மையே பல பாலிசி தள்ளிடும்.

கரண்ட் பிளானையும் பாருங்க. 2021-ல ஹோல்சேல் ரேட் பிளான்ல இருந்தவங்களுக்கு யூனிட் 9 டாலர் வரைக்கும் போய் ஆயிரக்கணக்குல பில் வந்துச்சு. வீடுகளுக்கு அந்த மாதிரி பிளானை அப்புறம் தடை பண்ணிட்டாங்க, ஆனா ஃபிக்ஸ்டு கான்ட்ராக்ட் முடிஞ்சதை கவனிக்காம விட்டா மாசாமாசம் மாறற ரேட்ல தள்ளிடுவாங்க. முடியற தேதிக்கு 14 நாள் முன்னாடியே ஃபைன் இல்லாம மாறிக்கலாம், போன்ல ரிமைண்டர் போடுங்க.

ஜெனரேட்டர் வாங்கறதுன்னா அவசரம் இல்லாத பட்சத்துல ஏப்ரல்ல வாங்குங்க, அப்போ ஒரு வீக்கெண்ட் டெக்சாஸ்ல 3,000 டாலருக்குள்ள உள்ள போர்ட்டபிள் ஜெனரேட்டருக்கு சேல்ஸ் டாக்ஸ் கிடையாது. கூடவே ரெண்டு கார்பன் மோனாக்சைடு அலாரம். ஜெனரேட்டர் வீட்டுல இருந்து 20 அடி தள்ளிதான் ஓடணும், மழை பெய்யுதுன்னு கூட கராஜுக்குள்ள வைக்கக் கூடாது, இதை அப்பாகிட்டயும் சொல்லி வைங்க, நீங்க ஆபீஸ்ல இருக்கறப்போ கரண்ட் போனா ஸ்டார்ட் பண்ணப் போறவர் அவர்தான்.