காலை ஏழரைக்குப் புடவையோடு நிற்பது எப்படி? நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

"வீடு, துணிமணி, பிள்ளைகளோடு காலம் தள்ளுவது, எதுவானாலும் கேளுங்கள்" என்று போன வாரம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இரண்டு மூன்று பேர் கணவர் வீட்டுத் தகராறை எழுதியிருந்தீர்கள், அதற்கு நான் ஆள் இல்லை, மன்னிக்கவும். என்னைத் தெரியாதவர்களுக்கு: அப்பாவுக்கு மதுரையில் துணிக்கடை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்து புடவை மடித்து வளர்ந்தவள். இப்போது சென்னையில் மூன்றாவது வாடகை வீடு. 10 வயதில் மகள், 3 வயதில் மகன், கூடவே மாமியார், பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, பள்ளி வேன் ஏழரைக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்குக் கொசுவம் கலையாத காட்டன் புடவையில் கீழே நிற்கிறீர்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?

ஐந்தே முக்கால். அதற்கு முன்னால் எழுந்தால் நாள் முழுக்க எரிந்து விழுவேன், பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. வேலை எல்லாம் முதல் நாள் ராத்திரியே முடிந்துவிடும், அவ்வளவுதான். பிள்ளைகள் தூங்கியதும் முந்தானை மடிப்பை எடுத்து, தோளில் வரும் இடத்தில் ஒரு ஊக்கு குத்தி, அந்த மடிப்பின் மேலேயே இஸ்திரி போட்டு ஹாங்கரில் மாட்டிவிடுவேன். கொசுவத்தையும் அப்படியே எடுத்து மேல்பக்கம் துணி கிளிப் போட்டு வைப்பேன். காலையில் கட்ட நான்கு நிமிடம் ஆகும், மகன் காலைக் கட்டிக்கொண்டால் ஏழு.

இன்னொன்று, செருப்பை மாட்டிக்கொண்டு புடவை கட்டுங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டு அப்புறம் ஹீல்ஸ் போட்டால் புடவை கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும், என்ன விலைப் புடவையாக இருந்தாலும் அது இரவல் வாங்கியது போலத்தான் தெரியும். கஞ்சி லேசாகப் போடுங்கள், வடித்த கஞ்சியில் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர். மொடமொட என்று நிற்கும் புடவை உட்கார்ந்து எழுந்ததும் முதுகுப் பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

வாரத்தில் மூன்று நாள்தான் புடவை. மற்ற நாள் குர்தி. அந்த நாட்களில் யாரும் என்னைக் கவனிப்பதில்லை போலிருக்கிறது.

ஈரோட்டிலிருந்து: இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பருப்புச்சாதம். மஞ்சள் கறை போகவே மாட்டேன் என்கிறது. சோப்பு போட்டால் சிவப்பாகிவிட்டது!

பயப்படாதீர்கள், அது இரத்தச் சிவப்பாக மாறுவதுதான் மஞ்சளின் குணம். குங்குமம் செய்வதே மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துத்தானே, சோப்பிலும் அதே காரத்தன்மைதான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். அப்புறம் ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது, இரண்டு நாளில் வெளுத்துவிடும். வெள்ளைச் சட்டைக்கும் சீருடைக்கும் இது கண்கண்ட மருந்து. கலர் புடவையானால் புடவையே வெளுக்கும் ஆபத்து இருக்கிறது, அதனால் கறை பட்ட இடத்தை மட்டும், உள்பக்கம் மேலே தெரியும்படி மடித்து, கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாகக் காட்டுங்கள். கறை போகும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது. சாம்பார் என்றால் அதில் எண்ணெயும் உண்டு, முதலில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து எண்ணெயை எடுத்துவிட்டு மஞ்சளுக்குப் போங்கள். பட்டில் பட்டால் எதுவும் செய்யாதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம், டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

திருச்சியிலிருந்து: சுங்குடிப் புடவை வாங்கித் துவைத்ததில் பையனின் வெள்ளைச் சட்டை எல்லாம் ரோஸ். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது, அடர்ந்த சாயம் முதல் இரண்டு மூன்று துவைப்பில் கொஞ்சம் விடத்தான் செய்யும். எங்கள் கடையில் புடவையைக் கட்டிக் கொடுக்கும்போதே அப்பா சொல்லி அனுப்புவார்: தனியாக, குளிர்ந்த தண்ணீரில், கல்லுப்பு ஒரு கை போட்டு அலசு, ஊற வைக்காதே, நிழலில் காயப் போடு. உப்பு எல்லாச் சாயத்தையும் பிடித்து வைத்துவிடாது. ஊற வைக்காமல் இருப்பதுதான் முக்கியம். சந்தேகம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், அது சொல்லிவிடும். இவ்வளவு தெரிந்த நானே கல்யாணமான புதிதில் ஓர் அரக்குச் சுங்குடியை மாமனாரின் எட்டு முழ வேட்டியோடு மெஷினில் போட்டேன். பாவம், அவர் அதை வீட்டுக்குள் கட்டியே தேய்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் வாங்கியது கைக்கட்டுச் சுங்குடிதானா என்று பாருங்கள். மதுரை சௌராஷ்டிரர்கள் வழிவழியாகச் செய்துவரும் வேலை அது. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது, புதுத் துணியில் அந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது இதற்குத்தான். எல்லாப் புள்ளியும் அச்சு வார்த்தது போல வட்டமாக இருந்தால் அது பிரிண்ட். தினசரிக்குப் பிரிண்ட் அருமையான துணி, நானே ஆறு வைத்திருக்கிறேன், ஆனால் பிரிண்ட் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது, சுவர் ஒரு மாதிரி பச்சை. வீட்டுக்குள் நுழைந்தாலே கிளினிக் மாதிரி இருக்கிறது. 5,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

கிளினிக் மாதிரி இருப்பதற்குச் சுவர் பாதிக் காரணம், மீதி விளக்கு. எல்.ஈ.டி. பெட்டியின் மேல் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. பச்சைச் சுவரில் அது பட்டால் வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000 என்று போட்ட மஞ்சள் வெளிச்ச விளக்கைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை படிக்கும் மேஜைக்கும் அடுப்படிக்கும் வெள்ளையே இருக்கட்டும். இதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது, மாற்றிப் போட்ட அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரியும். மேலே இருந்து ஒரே விளக்கு கொட்டுவதைவிட மூலையில் ஒரு மேஜை விளக்கு சேர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்தது திரைச்சீலை. ஜன்னலுக்கு என்று 5 அடியில் விற்பார்கள், அது பெரும்பாலும் சுவரில் பாதியில் அந்தரத்தில் நின்று, கட்டை பாவாடை மாதிரி இருக்கும். கதவுக்கு என்று விற்கும் 7 அடியை வாங்கித் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓரம் அடித்துக்கொள்ளுங்கள், அறையே உயர்ந்தது போலத் தெரியும். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன கம்பி எப்படியும் இருக்கும், இல்லையென்றால் ஜன்னல் சட்டத்துக்குள் அழுத்தி நிற்கும் கம்பி கிடைக்கிறது. கரூர்ப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் ஏற்றுமதியில் மிஞ்சிய திரைத்துணி மலிவாக வாங்கலாம்.

ஒட்டும் கொக்கி வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் சுவரைக் கையால் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர், கொக்கி சுவரையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் முதல் வீட்டில் அட்வான்ஸில் அதற்கு ஒரு தொகை பிடித்தார்கள். படங்களை அலமாரியின் மேல் சாய்த்து வையுங்கள், போதும். மிச்சப் பணத்துக்கு ஒரு பவானி ஜமக்காளம். அந்தப் பட்டைக் கோடுகள் இருந்தால் பச்சைச் சுவர் வேண்டுமென்றே அடித்த மாதிரி இருக்கும். பிள்ளை பால் கொட்டினாலும் துவைக்கலாம். பத்தமடைக் கோரைப்பாய் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் தரையில் விரிக்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: மாமியாரின் ஷோகேஸ். உள்ளே 1990களின் பீங்கான் நாய், பிளாஸ்டிக் ரோஜா, யாரோ கொடுத்த கேடயம். ஹாலின் நடுவில். என்ன செய்வது?

சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டில் அது வாத்துக் குடும்பம்.

முதல் வருடம் நான் அதை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன், வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அது அவர் வீடும்தான், அந்த வாத்துகளை மாமனார் ஒரு பொருட்காட்சியில் வாங்கித் தந்தாராம், எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் வேறு வழியில் போனேன். "அத்தை, பரணில் பித்தளைச் சாமான் எல்லாம் இருக்கிறதாமே, எடுத்துத் துலக்கட்டுமா?" என்று கேட்டேன். ஒரு அண்டா, இரண்டு குத்துவிளக்கு, அவர் அம்மா வீட்டுச் சொம்பு, எல்லாம் கீழே வந்தன. புளி போட்டுத் தேய்த்து அண்டாவில் தண்ணீர் விட்டு வாசலில் பூ மிதக்க விட்டதும் பக்கத்து வீட்டில் இருந்து வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஷோகேஸில் அவரே சொம்புகளுக்கு இடம் செய்தார், கேடயங்கள் பரணுக்குப் போயின. வாத்துகள் இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். பிளாஸ்டிக் ரோஜாவை மாதம் ஒருமுறை நான்தான் கழுவுகிறேன்.

மதுரையிலிருந்து (நம்ம ஊர்!): பிரசவத்துக்குப் பிறகு ஒரு ஜாக்கெட்டும் ஏறவில்லை. இளைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நைட்டியிலேயே இருக்கிறேன்.

இளைக்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் ஒன்றரை வருடம் காத்திருந்து, கடைசியில் ஒரு சுற்று கூடித்தான் வந்தேன். பழைய ஜாக்கெட்டின் பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள், நல்ல தையல்காரர் என்றால் உள்ளே பிரித்துவிட இடம் விட்டிருப்பார். இல்லையென்றால் கைக்குக் கீழே அதே கலரில் ஒரு பட்டி வைத்துத் தைக்கலாம், வெளியே தெரியாது. புதிதாகத் தைப்பவை இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விட்டு, முன்பக்கம் கொக்கி வைத்து, கப் வைக்காமல் இருக்கட்டும், பால் கொடுக்க அதுதான் வசதி. கறுப்பு, அரக்கு, மங்கிய தங்கம், மூன்றே கலரில் இழுபடும் துணி ஜாக்கெட் ரெடிமேடாக வாங்கினால் அலமாரியில் உள்ள முக்கால்வாசிப் புடவைக்குப் போதும்.

காரைக்குடியிலிருந்து: கல்யாணக் காஞ்சிபுரம் பட்டு, கடைப் பிளாஸ்டிக் உறையிலேயே எட்டு வருடம். சரிகை கறுத்து, மடிப்பில் நூல் விட்டுவிட்டது. காப்பாற்ற முடியுமா?

கறுத்த சரிகை ஒரு வகையில் நல்ல செய்தி, அதில் வெள்ளி இருக்கக்கூடும். நல்ல சரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது, காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கும். ஆனால் செம்புச் சரிகையும் கறுக்கும், அதனால் சோதிக்கக் கொடுத்துப் பாருங்கள். சில்க் மார்க் சீட்டு பட்டுக்கு மட்டும்தான் உத்தரவாதம், சரிகைக்கு அல்ல, புதிதாக வாங்குகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக்கை இன்றே எடுத்துவிட்டுப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை புடவையைத் தொடக் கூடாது, சென்ட்டைப் புடவை மேல் அடிக்கவே கூடாது. விட்டுப்போன மடிப்பை ரஃபூ (கிழிசலை நூலால் இழையோட்டி அடைப்பது) செய்பவரிடம் காட்டலாம். உடலும் கரையும் சேரும் கோர்வையில் விட்டிருந்தால் சரி செய்வது கஷ்டம். என் அம்மாவின் புடவை அப்படித்தான் போனது, நல்ல பகுதியை வெட்டி மகளுக்குப் பட்டுப்பாவாடை தைத்தோம். வெட்டும்போது அம்மா அறையில் இல்லை, அப்படித்தான் ஏற்பாடு.

பாண்டிச்சேரியிலிருந்து: தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் என்ன செடி வைக்கலாம்?

மணி பிளான்ட்டையும், புள்ளி போட்ட பெரிய இலை டிஃபன்பேக்கியாவையும் எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். கீழே கற்பூரவல்லியும் துளசியும் வையுங்கள். பிய்த்தாலும் வீடு மணக்கும்.

பெயர், ஊர் இல்லை: "இதெல்லாம் தண்டச்செலவு" என்கிறார் கணவர்.

என் வீட்டிலும் கேட்ட வசனம். ஒரு வருடம் எழுதி வைத்துக் காட்டினேன். என் துணியும் வீட்டுச் சாமானும் சேர்த்து அவர் பைக்குக்குச் செய்ததைவிடக் குறைவு. அதற்குப் பிறகு கேட்கவில்லை. நீங்களும் எழுதுங்கள், ஒருவேளை அவர் சொல்வதே சரியாகவும் இருக்கலாம்.

சேலத்திலிருந்து: 11 வயது மகள் கறுப்பு டி-ஷர்ட் தவிர எதுவும் போட மாட்டேன் என்கிறாள். தீபாவளிக்கு என்ன செய்வது?

இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்கு என் மகளை வற்புறுத்திப் பட்டுப்பாவாடை போட வைத்தேன். ஆல்பம் முழுக்க அவள் முகம் பரீட்சைக்குப் போவது போல இருக்கிறது. போன தீபாவளிக்கு ஒப்பந்தம் போட்டோம், கலர் அவள் சொல்வது, துணி நான் சொல்வது. அவள் கறுப்பு என்றாள். நான் செட்டிநாட்டுக் கண்டாங்கியில் கறுப்புக் கட்டமும் அரக்குக் கரையும் உள்ள புடவை ஒன்றை வாங்கி, முழங்கால் வரை குர்தாவாகத் தைத்து, இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்தேன், பாக்கெட்தான் அவளை மடக்கியது. நல்ல நாளில் கறுப்பா என்று மாமியார் இரண்டு நாள் முணுமுணுத்தார். தீபாவளி விடியற்காலை சாமி முன்னால் வைத்திருந்த குர்தாவை எடுத்து, மூலையில் வழக்கத்தைவிடப் பெரிதாக மஞ்சள் தடவி அவள் கையில் கொடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, இரண்டு பாக்கெட்டுக்குள்ளும் ஒவ்வொரு பொட்டு.