கார்க் கண்ணாடியின் புள்ளிகளும் மூட்டு நீரின் ஊசிகளும்

கேள்வி: கன்னியாகுமரிக் கடற்கரையில், கண் கூசாமல் இருக்க வாங்கிய போலராய்டு கூலிங்கிளாஸ் வழியே பார்த்தபோது, நின்றிருந்த கார்களின் பின்கண்ணாடியில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தன, கழற்றியதும் காணவில்லை. சென்ற மாதம் அப்பாவுக்கு முழங்கால் வீங்கியபோது நாகர்கோவிலில் மூட்டு நீரை எடுத்து, "போலராய்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம், கவுட்தான்" (யூரிக் அமிலப் படிகங்களால் வரும் மூட்டு நோய்) என்றார்கள். இரண்டும் ஒரே தத்துவமா, ஐயா?
- வாசகி, குளச்சல்

பதில்: ஒரே தத்துவம்தான். சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்வது. ஒரே திசை அதிர்வை மட்டும் விடும் வடிகட்டியைக் கடந்தால் அது தளவிளைவுற்ற ஒளியாகிறது. இதற்குச் செங்குத்தாக இரண்டாவது வடிகட்டியை வைத்தால் இருட்டே மிஞ்சும். ஆனால் இடையில் வைக்கும் பொருள் திசைக்கேற்ப ஒளியை வெவ்வேறு வேகத்தில் செலுத்துவதாக இருந்தால், அதாவது இரட்டை ஒளிவிலகல் உள்ளதாக இருந்தால், அந்த இருட்டில் அது மட்டும் ஒளிர்ந்து தெரியும்.

கண்ணாடிக்கு இயல்பில் இப்பண்பு கிடையாது. அழுத்தமோ இழுவிசையோ ஏற்பட்டால் வந்துவிடும். காரின் பின்கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, பல துளைகள் வழியே காற்றைப் பீய்ச்சித் திடீரெனக் குளிர்விப்பதால், மேற்பரப்பில் அழுத்தமும் உள்ளே இழுவிசையும் உறைந்து நிற்கின்றன. காற்று பட்ட தடங்களே நீங்கள் கண்ட புள்ளிகள். வானொளி ஓரளவு தளவிளைவுற்றே வருவதால் முதல் வடிகட்டியின் வேலையை வானமும், இரண்டாவதின் வேலையை உங்கள் கூலிங்கிளாசும் செய்தன. அவை கண்ணாடியின் குறைபாடு அல்ல.

கண்ணாடிப் புட்டி, லென்ஸ், வார்ப்பு பிளாஸ்டிக் ஆகியவற்றில் தங்கிய தகைவை, அதாவது உள்ளே உறைந்து நிற்கும் அழுத்தத்தையும் இழுவிசையையும், தொழிற்சாலைகள் இவ்வாறே சோதிக்கின்றன. அப்போது தெரியும் வண்ணப் பட்டைகளைப் பார்ப்பது ஒன்று, அளப்பது வேறு: பொருளின் தடிமனும் அதன் ஒளித்தகைவுக் கெழுவும் (தகைவுக்கு ஏற்ப எவ்வளவு இரட்டை ஒளிவிலகல் வரும் எனக் காட்டும் எண்) தெரியாமல், நிறத்தை மட்டும் வைத்து எண் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். 2018-இல் சோனி அறிமுகப்படுத்திய கேமரா உணரியில் அருகருகே உள்ள நான்கு பிக்சல்களின் மேல் 0, 45, 90, 135 டிகிரி வடிகட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. எனவே எதையும் சுழற்றாமல், ஓடும் உற்பத்தி வரிசையிலேயே ஒரே படத்தில் தளவிளைவின் அளவையும் திசையையும் கணக்கிடலாம்.

இனி, அப்பாவின் முழங்கால். கவுட் நோயில் மூட்டில் படியும் சோடியம் யூரேட் படிகங்கள் ஊசிபோல் மெலிந்தவை. இயல்பிலேயே இரட்டை ஒளிவிலகல் வலுவாக உள்ளவை. மைக்ராஸ்கோப்பில் ஈடுசெய்யும் தகடு ஒன்றைச் செருகினால் பின்னணி கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறும். தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் ஊசி மஞ்சளாகவும், குறுக்கே கிடப்பது நீலமாகவும் தெரியும். கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்களில் இந்நிறங்கள் இடம் மாறிவிடும். அதுவும் மூட்டை வீங்க வைக்கும்; ஆனால் கவுட் அல்ல. அமெரிக்க மருத்துவர்கள் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் 1961-இல் மூட்டு நீரில் யூரேட் படிகங்களை இவ்வாறு காட்டினர். கடும் வலியின்போது இரத்த யூரிக் அமிலம் சில வேளை இயல்பாகவே இருக்கும் என்பதால், நீரை எடுத்துப் பார்த்தது சரியான முடிவு. ஆயினும் படிகம் இருப்பதால் மட்டும் கிருமித்தொற்று இல்லையென்று ஆகிவிடாது. காய்ச்சல் இருந்தால் அந்த நீரைக் கல்ச்சருக்கும் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும்) அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

வீட்டிலேயே பார்க்க விரும்பினால், எல்.சி.டி. லேப்டாப்பின் வெள்ளைத் திரைக்கு முன் கூலிங்கிளாசைத் திருப்பித் திருப்பித் திரை இருளும் நிலையைக் கண்டு, இடையில் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலைப் பிடியுங்கள். வண்ணப் பட்டைகள் தெரியும். அடிக்கோலை மெல்ல வளைத்தால் அவை நகரும்.