இருமினால் சிறுநீர் கசிகிறது: கம்பம் அக்காவுக்கு

அக்கா, இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இருமினாலும், குமுளி மலையேறும் ஜீப் குலுங்கினாலும் சிறுநீர் கசிகிறது, அதனால் ஏலத்தோட்டத்தில் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் தண்ணீரைக் குடியுங்கள். குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்துபோய்ச் சிறுநீர்ப்பையை உறுத்தும், நீர்க்கடுப்பும் சேர்ந்துகொள்ளும். குறைக்க வேண்டியது கட்டன் சாயாவை, அதாவது பாலில்லாத டீயை.

பிரசவத்தில் இடுப்பின் அடித்தசை தளர்ந்திருக்கும், இருமும்போது வயிற்றிலிருந்து வரும் அழுத்தத்தை அதனால் தாங்க முடிவதில்லை. காற்றுப் பிரிவதை அடக்குவது போல அந்தத் தசையை உள்ளிழுத்து, மூச்சைப் பிடிக்காமல் சில நொடி வைத்திருந்து, முழுசாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, பலருக்கும் தப்பாகிற இடம் இதுதான். தும்மல் வரும்போதும் மூட்டை தூக்கும் முன்னும் அந்த அடித்தசையை இறுக்கிப் பழகுங்கள்.

சிறுநீரையும் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். 3 மாதத்தில் குறையாவிட்டால் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள் அக்கா, அறுவை சிகிச்சை வரை வழி இருக்கிறது.