ஃபிளாக் கோப்பு ஏன் திறக்கவில்லை?

கேள்வி: உடுக்கைப் பாட்டுப் பதிவுகளைத் தொகுக்க நிரல் எழுதுகிறேனுங்க. அதற்காக, ஒலிக்கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் லிப்சவுண்ட்ஃபைல் (libsndfile) லைப்ரரியை விண்டோஸில் சிமேக் (CMake) என்ற கட்டமைப்புக் கருவி கொண்டு கம்பைல் செய்தேன். ஒரு பிழையும் வரவில்லை. வேவ் கோப்பு திறக்கிறது. ஃபிளாக் (FLAC), ஆக் (Ogg) ஒலிக்கோப்புகள் திறப்பதில்லை. ஏனுங்க?
- வாசகர், காங்கேயம்

பதில்: பிழை வராததுதான் உங்களை ஏமாற்றிவிட்டது. வேவ் கோப்பை இந்த லைப்ரரி தானே படித்துக்கொள்ளும். ஃபிளாக்குக்கும், ஆக் கோப்புக்குள் இருக்கும் வோர்பிஸ், ஓபஸ் ஒலி வடிவங்களுக்கும் வெளி லைப்ரரிகள் தேவை. அவற்றில் ஒன்று அகப்படாவிட்டாலும் சிமேக் மூன்றையும் சேர்த்தே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் மேலே போய்விடும்.

லைப்ரரிகளை நிறுவித் தரும் விசிபேக்கேஜ் (vcpkg) கருவி மூலம் லிப்ஃபிளாக், லிப்வோர்பிஸ், ஓபஸ் மூன்றையும் 64 பிட்டில் நிறுவுங்கள். ஆக் லைப்ரரி வோர்பிஸோடு தானாக வந்துவிடும். ஃபோல்டர் பெயர்களில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம்.

பலர் சறுக்குவது அடுத்த படியில்தான். நிறுவிய லைப்ரரிகள் எங்கே என்று சிமேக்குக்குச் சொல்லும் விசிபேக்கேஜின் டூல்செயின் கோப்பை, சிமேக் சாளரத்தில் முதல் கான்ஃபிகரின்போதே காட்ட வேண்டும். பிறகு சேர்த்தால் ஏறாது. நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை ஓட்டிவிட்டதால், ஃபைல் மெனுவில் டெலீட் கேஷ் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கான்ஃபிகர் அழுத்தியதும் வரும் பெட்டியில் தளம் எக்ஸ்64 என்றும், கீழே டூல்செயின் கோப்பைக் குறிப்பிடும் வாய்ப்பையும் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் பட்டியலில் 'எனேபிள் எக்ஸ்டர்னல் லிப்ஸ்' டிக்கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கம்பைல் செய்யாதீர்கள். கீழே ஓடும் அறிக்கையில் எது கிடைக்கவில்லை என்று பாருங்கள்.

எம்பி3 தனிக் கணக்கு: அதற்கு லேம் (LAME), எம்பிஜி123 (mpg123) என்ற இரு லைப்ரரிகளும் வேண்டும், லிப்சவுண்ட்ஃபைல் 1.1.0 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

கூடவே உருவாகும் சவுண்ட்ஃபைல் இன்ஃபோ (sndfile-info) நிரலில் ஒரு ஃபிளாக் கோப்பைக் கொடுத்துச் சோதியுங்கள். 'ஃபிளாக் ஆதரவின்றிக் கம்பைல் செய்யப்பட்டது' என்ற பொருளில் வரி வந்தால் பழைய கட்டமைப்பே இன்னும் ஓடுகிறது.

கேள்வி: லிப்சவுண்ட்ஃபைல் கொண்டு எழுதி, என் கணினியில் ஓடும் நிரல், எங்களூர் நூலகக் கணினியில் டிஎல்எல் (நிரல் ஓடும்போது தேடும் லைப்ரரிக் கோப்பு) காணோம் என்கிறது.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பிழை தேடுவதற்கான டீபக் வகையில் கட்டியதை அனுப்பியிருப்பீர்கள். டீபக் ரன்டைம், விஷுவல் ஸ்டூடியோ உள்ள கணினியில்தான் இருக்கும். பிறருக்குக் கொடுப்பதற்கான ரிலீஸ் வகைக்கு மாற்றிக் கட்டுங்கள். லைப்ரரியின் டிஎல்எல்லோடு ஆக், வோர்பிஸ், வோர்பிஸ்என்க், ஃபிளாக், ஓபஸ் டிஎல்எல்களையும் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். அந்தக் கணினியில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளையும் நிறுவ வேண்டும்.