மாடு போன பிறகு வரும் வண்டி: வட கென்யா கேள்வி பதில்

வட கென்யாவின் துர்க்கானா, சம்புரு, பொக்கோட், மார்சாபிட் பக்கம் நடக்கும் கால்நடைக் கொள்ளை பற்றியும் அங்குள்ள காவல்துறை பற்றியும் உறுப்பினர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நூற்றுக்கணக்கில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஊசியா, ஒளித்து வைக்க? போலீஸால் ஏன் பிடிக்க முடியவில்லை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். துர்க்கானா கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் ஏறத்தாழ 70,000 ச.கி.மீ.; தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். 2019 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 9.27 லட்சம். விடிகாலை 5 மணிக்கு, மந்தை பட்டியை விட்டுக் கிளம்பும் முன் தாக்குகிறார்கள் என்று வைப்போம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஒருவர் ஓடிப் போய்ச் சொல்ல 2 மணி நேரம். நிலையத்தில் வண்டி ஒன்று இருக்கும். அது கோர்ட்டுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் டீசல் இருக்காது. ஆள் சேர்ந்து கிளம்பும்போது நண்பகல். விரட்டப்படும் மாடு மணிக்கு 4 கி.மீ. நடந்தாலும் அதற்குள் 28 கி.மீ. போயாயிற்று. போன திசை பெரும்பாலும் எரிமலைக் கற்காடு அல்லது பள்ளத்தாக்கு. அங்கே லேண்ட் குரூசரே நின்றுவிடும்.

அதனால் முதல் ஆறு மணி நேரம்தான் எல்லாம். அந்த நேரத்தில் அரசு என்று அங்கே இருப்பது ரிசர்விஸ்ட் ஒருவர் மட்டுமே.

கேள்வி: ரிசர்விஸ்ட் என்றால் நம் ஊர்க்காவல் படை மாதிரியா?

ஏறக்குறைய. பேச்சு வழக்கில் அங்கேயும் ‘ஹோம்கார்டு’ என்பார்கள். 1948இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கிய கே.பி.ஆர். (கென்யா போலீஸ் ரிசர்வ்), 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் தேசிய போலீஸ் ரிசர்வ் ஆனது. உள்ளூர் மேய்ப்பரிடமே அரசு துப்பாக்கியைக் கொடுத்து ஊரைக் காக்கச் சொல்லும். நெடுங்காலம் சம்பளம் கிடையாது. ஊதியமில்லாத ஆளிடம் விலை போகும் பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும்? சிலர் தோட்டா விற்றார்கள், சிலர் லாரிக்குப் பாதுகாப்புப் போய்ச் சம்பாதித்தார்கள், சிலர் தம் இனத்துக் கொள்ளையோடு சேர்ந்துகொண்டார்கள். ஒழுங்காக வேலை பார்த்தவர்கள்தாம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தடம் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

ஆயுதத்திலும் சிக்கல். பழைய த்ரீ நாட் த்ரீ, ஜி3, ஏ.கே. என்று பலவகைத் துப்பாக்கிகள் கலந்திருக்கும். ஜி3 தோட்டாவின் கூடு 51 மி.மீ., ஏ.கே.யுடையது 39 மி.மீ. பெயரளவில் குண்டின் விட்டம் ஒன்றே (7.62 மி.மீ.) என்றாலும் ஒன்று மற்றதில் போகாது. சண்டை நடுவே ஒருவருக்குத் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கடன் கொடுக்க முடியாது. எதிரில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் ஏ.கே. மட்டும், அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: அப்படியானால் பெரிய போலீஸ் படையை அனுப்பித் துரத்த வேண்டியதுதானே?

அனுப்பினார்கள். 2012 நவம்பரில் சம்புரு கவுண்டியில் பரகோயை அடுத்த சுகுட்டா பள்ளத்தாக்கில், திருடுபோன மாடுகளை மீட்கப் போன படையைக் கொள்ளையர் பதுங்கித் தாக்கியதில் 40க்கும் மேற்பட்ட காவலர்கள் செத்தார்கள். பலர் புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள். கென்ய போலீஸ் வரலாற்றில் அப்படியொரு இழப்பு அதற்கு முன் இல்லை. அங்கே என்ன தவறியது என்று பார்த்தால், அதே தவறுகள் வேறு இடங்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. இடம் தெரியாதவர்கள் பள்ளத்துக்குள் இறங்கினார்கள், மேடு எதிரியிடம் இருந்தது. மேலிருந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. படை வருவது முன்பே தெரிந்துபோயிற்று. நூற்றுக்கணக்கில் ஆள் திரட்டினால் சிறு ஊரில் எப்படித் தெரியாமல் இருக்கும்?

2014இல் துர்க்கானா எல்லையிலுள்ள கபெடோ அருகேயும் கொள்ளையர் பதுங்கித் தாக்கிக் காவலர்களைக் கொன்றார்கள். 2023 பிப்ரவரியில் ஆறு கவுண்டிகளுக்கு ராணுவத்தையே துணைக்கு அனுப்பினார்கள். ராணுவம் இருக்கும்வரை அடங்கும். அதை ஒவ்வொரு கிணற்றடியிலும் நிறுத்த முடியாது.

கேள்வி: எல்லாரிடமும் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டால்?

யாரிடம் முதலில் என்பதுதான் கேள்வி. எல்லைக்கு அப்பால் உகாண்டாவின் கரமோஜாவில் 2001 முதல் இதைச் செய்தார்கள். 2006க்குப் பின் ராணுவம் ஊரை வளைத்துத் தேடியது. துப்பாக்கியைக் கொடுத்தவர்களை, கொடுக்காத அண்டை இனத்தார் கொள்ளையடித்தார்கள். மந்தைகளைக் காக்க ராணுவ முகாமை ஒட்டிப் பெரும் பட்டிகள் போட்டார்கள். ஒரே இடத்தில் அத்தனை மாடு நின்றால் சுற்றிலும் புல் தீரும், நோய் பரவும். மேய்ச்சல் என்பதே நகர்வதுதான். நிறுத்திவிட்டுக் காப்பது காப்பே இல்லை.

கென்யாவில் 2019இல் ரிசர்விஸ்டுகளின் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றார்கள், ஆட்களைச் சலித்தெடுக்க என்று. நோக்கம் சரி. மாற்று ஏற்பாடு வருமுன் பிடுங்கியது தவறு. கள்ளத் துப்பாக்கி காட்டில் அப்படியே இருந்தது, பதிவேட்டில் இருந்த துப்பாக்கி மட்டும் போயிற்று.

கேள்வி: இது வெட்சிப் போர்தானே? ஆநிரை கவர்வதும் மீட்பதும் நமக்குப் புதிதா என்ன?

வெட்சியும் கரந்தையும் நினைவுக்கு வராமல் இருக்காது. பெண் வீட்டாருக்குக் கொடுக்க, வறட்சியில் இழந்ததை ஈடுகட்ட என்று பழைய கொள்ளைக்கும் காரணங்கள் உண்டு. ஆனால் இன்று ஒரு பங்கு லாரியில் ஏறி நகரத்துச் சந்தைக்குப் போகிறது. ‘அது அவர்கள் வழக்கம்’ என்ற பேச்சு அதிகாரிகளுக்கு வசதியான சாக்கு. கென்யத் தண்டனைச் சட்டத்தில் கால்நடைத் திருட்டுக்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு.

கேள்வி: சந்தையில் மடக்க முடியாதா?

முடியும். இதுதான் மலிவான வழி. ஒரு கவுண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாடு போகக் கால்நடை அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதிலுள்ள எண்ணிக்கையும் சூட்டுக்குறியும் லாரியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பார்ப்பதில்லை. சாவடியில் கை மாறுவது வேறு.

கேள்வி: கொள்ளை நடந்த ஊர் உடனே செய்ய வேண்டியது என்ன?

முதலில் காயம்பட்டவர்கள். அடுத்து எண்ணிக்கை, அன்றே. மூன்று பெரியவர்கள் வீடு வீடாகக் கேட்டு மாடு, ஒட்டகம், ஆடு தனித்தனியாக, நிறம், காதுவெட்டு, சூட்டுக்குறியோடு எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து எண்ணினால் 60 என்பது 200 ஆகிவிடும், சமாதானப் பேச்சில் எதிர்த்தரப்பு அதை வைத்தே எல்லாவற்றையும் மறுக்கும். நிலையத்தில் புகார் சொன்னால் மட்டும் போதாது, சம்பவப் பதிவேட்டு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு தடம். காலடிகள் எந்த ஊர் எல்லைக்குள் போகின்றனவோ, அந்த ஊர்ப் பெரியவர்களை அழைத்துத் தடத்தைக் காட்டி ஒப்படைப்பது வழக்கம். அதன்பின் பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது. மழைக்கு முன், வேறு மந்தை மிதிக்கும் முன் செய்யாவிட்டால் பயனில்லை.

இந்த வழி வெறும் சம்பிரதாயமில்லை. 1973இல் லொகிரியாமாவில் துர்க்கானா இனத்தாரும் கரமோஜாவின் மாத்தெனிக்கோ இனத்தாரும் ஆயுதங்களைப் புதைத்துச் செய்த உடன்பாட்டை இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். 1990களில் வடகிழக்குக் கென்யாவின் வஜீரில் சண்டையை நிறுத்தும் முயற்சியைத் தொடங்கியவர்கள் சந்தைக்கு வந்த பெண்கள். டெக்கா இப்ராஹிம் அப்தி அவர்களில் ஒருவர். ஊர்ச் சமாதானக் குழுக்கள் என்ற ஏற்பாடே அங்கிருந்து பரவியதுதான்.

கேள்வி: கவுண்டி ஆளுநர் (மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர்) ஏன் போலீஸுக்கு உத்தரவு போடுவதில்லை?

அதிகாரம் இல்லை. 2010 அரசியலமைப்பில் போலீஸ் நைரோபியின் கையில். கவுண்டி போலீஸ் ஆணையத்துக்கு ஆளுநர் தலைவர் என்று சட்டம் சொன்னாலும், அது பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. அதனால் வாக்காளருக்குக் காட்ட வண்டி வாங்கிக் கொடுப்பார்கள். டயரும் டீசலும் யார் கணக்கு என்று எழுதி வாங்காவிட்டால், அடுத்த வறட்சிக்குள் அது நிலையத்தின் பின்புறம் கட்டையில் நிற்கும். என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு முதலில் வாக்கி-டாக்கியும் சோலார் சார்ஜரும் வாங்கிக் கிணற்றடிகளில் கொடுக்கச் சொல்வேன். மேலே சொன்ன கணக்கில் 2 மணி நேரம் அங்கேயே மிச்சம்.