ஊதின கேசட், சுட முடியாத நாய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடியோ கேம் ஓடலைன்னா கேசட்டை வெளிய எடுத்து ஊதிட்டுப் போடுவோமே, அது நிஜமாவே வேலை செஞ்சுதா?

ஊதினதுல ஒண்ணும் இல்லைங்க, எடுத்துத் திரும்பப் போட்டதுலதான் விஷயம். நிண்டெண்டோவோட என்இஎஸ் கேம் மெஷினுக்குள்ள 72 பின் இருக்கும், கேசட்டோட அடியில வரிசையா இருக்குற உலோகப் பட்டைங்க அந்தப் பின்னோட சரியா உக்காரலைன்னா திரை மினுக்கு மினுக்குன்னு மினுக்கும். ரெண்டாவது தடவை செருகும்போது லேசா நகர்ந்து உக்காந்துடும், கேம் ஓடிடும், நாம வாயாலதான் சரி பண்ணோம்னு சத்தியமே பண்ணுவோம். உண்மையில வாயில இருந்து போற ஈரம் நாளாக நாளாக அந்தப் பட்டையை அரிச்சிடும், ஊதாதீங்கன்னு நிண்டெண்டோவே சொல்லியிருக்கு. இன்னும் கேசட் வச்சிருக்கீங்கன்னா பஞ்சுல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவா துடைங்க, நல்லா காயவிட்டுப் போடுங்க. தூக்கி மட்டும் போட்டுடாதீங்க, ப்ளீஸ்.

கேள்வி: வாத்து சுடுற கேம்ல வாத்து தப்பிச்சா ஒரு நாய் எந்திரிச்சு சிரிக்குமே, அதை சுட ஒரு வழி இருக்குன்னு என் கிளாஸ்மேட் அடிச்சு சொன்னான். இருந்துச்சா?

நம்ம வீட்டு டக் ஹன்ட்ல இல்லை. ஆனா உங்க கிளாஸ்மேட் முழுப் பொய்யும் சொல்லலை. காசு போட்டு ஆடுற ஆர்கேட் வெர்ஷன் ஒண்ணு இருக்கு, அதுல போனஸ் ரவுண்டுல நாய் குறுக்க வந்து குதிக்கும், அப்ப அது மேல குண்டு படும். யாரோ எங்கயோ பாத்தது வாய் வாயா மாறி உங்க கிளாஸ் வரைக்கும் வந்திருக்கலாம்.

இதே கேம்ல நெறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, ஒத்த வாத்து வர்ற ஆட்டத்துல இன்னொருத்தர் ஜாய்ஸ்டிக் பிடிச்சா அந்த வாத்தையே ஓட்டலாம்! இதை நான் ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுக்கிட்டேன், தெரிஞ்ச அன்னிக்கு அண்ணன் துப்பாக்கி நான் வாத்துன்னு உக்காந்து ஆடினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அப்புறம் அந்த கேம் துப்பாக்கியை பல்புக்கு நேரா பிடிச்சு சுட்டா எல்லா வாத்தும் விழும்னு ஒரு புரளி உண்டு. விழாது. டிரிகரை அழுத்தினதும் ஒரே ஒரு கணம் திரை மொத்தமும் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்குற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி முனையில இருக்குற சென்சார் முதல்ல இருட்டு அப்புறம் வெளிச்சம்னு ரெண்டையும் பாத்தாதான் கணக்கு. பல்பு எப்பவுமே வெளிச்சம், அதனால மாட்டிக்கும். இப்போ இருக்குற எல்சிடி டிவில அந்தத் துப்பாக்கி வேலை செய்யாததுக்கும் இந்த நேரக் கணக்குதான் காரணம், படம் கொஞ்சம் தாமதமா வருது.

கேள்வி: மரியோல மைனஸ் ஒண்ணுன்னு ஒரு உலகம் உண்டா இல்லையா? எங்க வீட்ல இன்னும் சண்டை நடக்குது.

உண்டு. 1985ல வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1-2 ஸ்டேஜோட கடைசி. குழாய் பக்கத்துல செங்கல்லை உடைச்சுட்டு பின்பக்கமா திரும்பிக் குதிச்சா மரியோ சுவத்துக்குள்ள வழுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவாரு, அங்க முதல் குழாய்ல சட்டுன்னு இறங்கினா மேல -1னு வரும். அது மைனஸ் இல்லைங்க, உலகம் நம்பர் 36, ஸ்டேஜ் 1, அதாவது 36-1. 36ன்ற நம்பருக்கு எழுத்துப் படம் கிடையாது, வெறும் இடமா நிக்குது, நடுவுல இருக்குற கோடு நமக்கு மைனஸா தெரியுது. உள்ள தண்ணி ஸ்டேஜ், நீந்தி நீந்தி கடைசிக் குழாய்ல போனா மறுபடி அதே ஸ்டேஜோட ஆரம்பம், டைம் முடிஞ்சு சாகுற வரைக்கும் வெளிய வரவே முடியாது. சண்டையில ஜெயிச்சவங்களுக்கு வாழ்த்துக்கள்.

கேள்வி: அந்தக் காலத்துல சொன்ன புரளியை எல்லாம் எப்படி நம்பினோம்? நினைச்சா வெக்கமா இருக்கு.

வெக்கமே படாதீங்க, இதை நான் மனசார சொல்றேன். மேல இருக்குற மைனஸ் ஒண்ணையே பாருங்க, செங்கல்லு வழியா நுழைஞ்சு முடிவே இல்லாத கடலுக்குப் போனேன்னு ஒருத்தன் சொன்னா அது பொய் மாதிரிதானே இருக்கு, ஆனா நிஜம். மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏன்னு பட்டனை அழுத்தினா கான்ட்ரா கேம்ல 30 லைஃப்னு சொன்னா அதுவும் கதை மாதிரிதான், அதுவும் நிஜம். நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சு, மூணு தடவை தப்பா அழுத்தி, நாலாவது தடவை மேல லைஃப் எண்ணிக்கையைப் பாத்தவங்க, அடுத்து யாரு என்ன சொன்னாலும் முயற்சி பண்ணித்தான் பாப்பாங்க.

இன்னும் ஒரு படி மேல, புரளியே கேம் ஆகியிருக்கு. மார்ட்டல் காம்பாட்ன்ற சண்டை கேமோட முதல் மெஷின்ல, உள் மெனுல எர்மேக்ஸ்னு ஒரு வரி இருந்துச்சு, எரர் மேக்ரோன்றதோட சுருக்கம், புரோகிராமுக்குள்ள வர்ற தப்பை எண்ணுறதுக்கு வச்சது, அவ்வளவுதான். பசங்க அதைப் பாத்துட்டு எர்மேக்னு சிவப்பு டிரஸ் போட்ட நிஞ்ஜா ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்னு கிளப்பி விட்டாங்க, நான் பாத்தேன் என் மாமா பையன் ஜெயிச்சான்னு பரவிடுச்சு. 1995ல அல்டிமேட் மார்ட்டல் காம்பாட் 3 வந்தப்போ எர்மேக் நிஜமாவே உள்ள நின்னான், சிவப்பு டிரஸ்லயே! இல்லாத ஒருத்தனை நாம பேசிப் பேசியே உள்ள கொண்டு வந்துட்டோம்.

கேள்வி: கேமை வச்சு எடுத்த படங்கள் மட்டும் ஏன் அவ்வளவு நாள் சொதப்பலாவே வந்துச்சு?

கேம்ல கதையே இல்லை, நாமதான் புதுசா எழுதணும்னு நெனச்சாங்க, அங்கதான் கோளாறு. 1993ல வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் படத்தை எடுத்துக்கோங்க, பாப் ஹாஸ்கின்ஸ், ஜான் லெக்விசாமோ, டென்னிஸ் ஹாப்பர்னு நல்ல நல்ல நடிகருங்க, ஆனா பச்சைக் குழாய், காளான், நீல வானம் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு டைனோசர் வம்சத்துல வந்த மனுஷங்க வாழுற ஒரு இருட்டு ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. மரியோவைப் பாக்கணும்னு போன குழந்தைக்கு அங்க என்ன இருக்கு சொல்லுங்க?

1994 ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்தை எல்லாரும் திட்டுவாங்க, நான் முழுசா திட்டமாட்டேன், ராவுல் ஹூலியாவுக்காக. உடம்பு ரொம்ப முடியாத நேரத்துல வில்லன் பைசனா நடிச்சாரு, அக்டோபர்ல இறந்துட்டாரு, படம் டிசம்பர்ல வந்துச்சு. ஒரு காட்சியிலயும் சலிப்பு தெரியாது, அந்தக் கண்ணைப் பாத்தா வில்லன் வேஷத்தை ஒரு பெரிய நாடகம் மாதிரி மதிச்சு செஞ்சிருக்காருன்னு புரியும்.

காலம் மாறினது சோனிக் கேமை வச்சு எடுத்த படத்துல. 2019 டிரெய்லர்ல மனுஷப் பல்லோட வந்த அந்த முகத்தை ரசிகர்கள் ஏத்துக்கலை, டைரக்டர் கேட்டுக்கிட்டு உருவத்தையே மாத்தி, நவம்பர்ல வரவேண்டிய படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளினாரு. 2023 மரியோ அனிமேஷன் படம் 130 கோடி டாலருக்கு மேல வசூல், அதுல மரியோ கேமுக்கு இசை போட்ட கோஜி கோண்டோவோட பழைய மெட்டு வர்ற இடத்துல பக்கத்து சீட்டுல ஒரு அப்பா பையனுக்கு முன்னாடி தான் ஹம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு.

கேள்வி: நீங்க ரொம்ப நாள் நம்பின புரளி எது?

மரியோவோட தம்பி லூயிஜி. 1996 சூப்பர் மரியோ 64ல கோட்டைக்குப் பின்னாடி முற்றத்துல ஒரு நட்சத்திர சிலை, அதுக்குக் கீழ மங்கலா ஒரு கல்வெட்டு. எல் இஸ் ரியல் 2401ன்னு அதைப் படிச்சவங்க, எல்னா லூயிஜி, எங்கயோ ஒளிஞ்சிருக்காருன்னாங்க. டிவிக்கு அரை அடி தள்ளி மூக்கை வச்சுக்கிட்டு நானும் படிச்சுப் பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற எழுத்தா தெரியும். அதே கல்வெட்டுப் படத்தை நிண்டெண்டோவோட இன்னொரு கேமான ஒகரினா ஆஃப் டைம்லயும் ஒட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ, சரி இது சும்மா அலங்காரம்தான்னு விட்டுட்டேன்.

2020 ஜூலைல நிண்டெண்டோவோட பழைய ஃபைலுங்க வெளிய கசிஞ்சுது. அதுக்குள்ள மரியோ 64க்காக செஞ்ச லூயிஜியோட உருவம், கை தனியா தலை தனியா துண்டு துண்டா, இருந்துச்சு. அதை ஒருத்தர் ஒட்டவச்சு நிக்க வச்ச படத்தை அன்னிக்கு ராத்திரி அண்ணனுக்கு அனுப்பினேன். "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரே வரி பதில் வந்துச்சு.