நேற்று திறந்த ஃபோல்டர் இன்று ஏன் திறக்கவில்லை?

கேள்வி: இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் வீட்டு அறையொன்றில் காமன் கூத்து என்னும் நாட்டார் கூத்தின் பாட்டுகளையும் தப்புப் பறையின் அடியையும் ஒலிப்பதிவு செய்து வருகிறேன். பதிவுக்கு ஒரு கம்ப்யூட்டர், மிக்ஸிங்குக்கு இன்னொன்று. இரண்டிலும் உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸ் இயங்குதளம். நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் சம்பா (Samba) மென்பொருள் மூலம் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தேன். போன வாரம் மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து மிக்ஸிங் கம்ப்யூட்டரில் அது வருவதேயில்லை. சம்பாவை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இனி எதையும் அழித்துப் போடாதீர்கள். சம்பாவைச் சாதாரணமாக அகற்றினால் அதன் அமைப்புக் கோப்பு அப்படியே கிடக்கும். அதில் பிழை இருந்தால் பத்துத் தடவை போட்டாலும் அதே பிழைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் எழுதி வையுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே பெரிய தடயம் இருக்கிறது: 'கரண்ட் போய் வந்ததிலிருந்து.' ரவுட்டர் மறுபடி எழும்பும்போது கம்ப்யூட்டர்களுக்குப் புது ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடக்கூடும். நேற்று 192.168.1.10 ஆக இருந்தது இன்று 192.168.1.14 ஆகியிருக்கலாம், மிக்ஸிங் கம்ப்யூட்டரோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் இதே கதை நடந்தது. ஒரு நாள் முழுக்கக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் எண்தான் மாறியிருந்தது. பதிவுக் கம்ப்யூட்டரின் இப்போதைய எண்ணைப் பார்த்து, மற்றதிலிருந்து அந்த எண்ணுக்கு 'பிங்' (ping) கட்டளை கொடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் ரவுட்டர் அமைப்பில் அந்த எண்ணை அந்தக் கம்ப்யூட்டருக்கே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

பிங் போகவில்லையா? சம்பாவைத் தொடாதீர்கள், கேபிளைப் பாருங்கள். செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா? இடி மின்னலில் அந்தத் துவாரமே செத்துப்போவதும் உண்டு. வைஃபை என்றால், ஒன்று விருந்தினர் இணைப்பில் இருந்தால் பெரும்பாலும் ரவுட்டரே இரண்டையும் பேசவிடாது.

பிங் போகிறது, ஆனால் ஃபோல்டர் இல்லையென்றால், ஃபைல் மேனேஜரின் 'நெட்வொர்க்' பக்கத்தை நம்பவேண்டாம். 2019இல் வந்த சம்பா 4.11 முதல் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்களைத் தேட நம்பியிருந்த பழைய எஸ்எம்பி 1 பகிர்வு முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் பகிர்வு நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கலாம். முகவரிப் பெட்டியில் ஐபி எண்ணையும் பகிர்வின் பெயரையும் நேரடியாக அடித்துப் பாருங்கள். அப்புறம் அதே பகிர்வைப் பதிவுக் கம்ப்யூட்டரிலிருந்தே திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் சம்பா சுகமாக இருக்கிறது, கோளாறு வழியில்தான்.

பிழைச் செய்தியை மூடிவிடாமல் வாசியுங்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் பெரும்பாலும் சம்பா சேவை ஓடவில்லை. சம்பாவோடு வரும் டெஸ்ட்பார்ம் (testparm) கட்டளை அமைப்புக் கோப்பில் உள்ள பிழையைக் காட்டும். 'டைம்ட் அவுட்' என்றால் வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மீது சந்தேகப்படுங்கள், அதில் சம்பா பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டைத் திறக்கவேண்டும். 'லாகான் ஃபெய்லியர்' என்றால் கடவுச்சொல். சம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல் உண்டு, கம்ப்யூட்டருக்குள் நுழையும் கடவுச்சொல் அதற்குத் தெரியாது. 'ஆக்சஸ் டினைட்' என்றால் ஃபோல்டரின் அனுமதி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்குள் (பயனரின் சொந்த ஃபோல்டர்) வேறு பயனர் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கு எவ்வளவு அனுமதி கொடுத்தாலும் வெளிவாசல் பூட்டித்தான் இருக்கும். பாட்டுகளை ஹோமுக்கு வெளியே தனி ஃபோல்டரில் வையுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பகிர்ந்த ஃபோல்டருக்குள் நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலித் தரத்தில் எட்டுத் தடம் (டிராக்) நொடிக்கு 1.15 மெகாபைட் அளவுதான். 100 மெகாபிட் கேபிள்கூடத் தாங்கும். ஆனால் நெட்வொர்க் ஒரு கணம் தடுமாறினால் தப்பின் ஓர் அடி போய்விடும். விடிய விடிய ஆடும் கூத்தை நிறுத்தி, அதே அடியை மறுபடி அடிக்கச் சொல்ல முடியாது. உள் டிஸ்கில் பதிந்து, முடிந்த பிறகு நகலெடுங்கள். ஒரு மணி நேர எட்டுத் தடப் பதிவு நாலு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல், 100 மெகாபிட்டில் ஆறேழு நிமிடம். ஜிகாபிட் கேபிள் போட்டும் அதே நேரம் எடுத்தால் கேபிள் முனையின் செருகியை மறுபடி பொருத்துங்கள்: ஜிகாபிட்டுக்கு நாலு சோடிக் கம்பிகளும் வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும்.